அம்மாவுக்கு வந்த நோயையே ஆராயப் போகலாமா?

கேள்வி: ஈஸ்ட் செல்களில் ஆட்டோஃபேஜி (செல் தன் பழுதான பாகங்களைத் தானே சிதைத்து அகற்றுவது) பற்றிய என் பிஎச்.டி. முடியப் போகிறது. இரண்டு வருடங்களுக்கு முன்பு அம்மாவுக்குப் பார்க்கின்சன் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து நரம்புச் சிதைவு நோய்களைப் பற்றித்தான் அதிகம் படிக்கிறேன். இப்போது இரண்டு இடங்களில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) வாய்ப்பு வந்திருக்கிறது. ஒன்று, அல்சைமர் எலிகளை வைத்து வேலை செய்யும் பெரிய, பேர்பெற்ற ஆய்வகம். இன்னொன்று சமீபத்தில் தொடங்கிய சின்ன ஆய்வகம். அங்கே நோயாளிகளின் செல்களிலிருந்து நியூரான் (நரம்புச் செல்) வளர்த்து, பார்க்கின்சனில் இழைகளாகத் திரளும் ஆல்ஃபா-சினூக்ளீன் புரதத்தை ஆராய்கிறார்கள். எனக்கு நரம்பியல் பின்னணி கிடையாது. அது பெரிய குறையா? எந்த ஆய்வகத்துக்குப் போவது? அம்மாவுக்கு இருக்கும் நோயையே தினமும் ஆராய்ந்துகொண்டிருந்தால் என்னால் தாங்க முடியுமா? மூன்று வாரத்தில் பதில் சொல்ல வேண்டும்.
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைத்தான் நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். மற்ற இரண்டும் அதற்குப் பிறகுதான்.

வீட்டில் ஒருவருக்கு நோய் வந்ததால் இந்தத் துறைக்கு வந்தவர்கள் நிறையப் பேர். எந்த மாநாட்டுக்குப் போனாலும், தேநீர் இடைவேளையில் பேச்சு கொஞ்சம் நீண்டால் போதும், அப்பா, பாட்டி, மாமா என்று யாராவது ஒருவர் அதில் வந்துவிடுவார். இவர்களில் உலகம் அறிந்தவர் அமெரிக்க ஆராய்ச்சியாளர் நான்சி வெக்ஸ்லர். அவருடைய அம்மாவுக்கு ஹண்டிங்டன் என்ற மரபுவழி மூளை நோய் இருப்பது 1968இல் தெரியவந்தது. மகள் அந்த நோயின் ஆய்வையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டு, வெனிசுவேலாவில் மரக்காய்போ ஏரிக் கரையில் அந்த நோய் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்களிடம் ஆண்டுதோறும் போனார். அங்கே சேகரித்த ரத்த மாதிரிகளின் உதவியோடு 1983இல் அந்த மரபணு இருக்கும் குரோமோசோம் எது என்று தெரிந்தது. மரபணுவே கையில் கிடைத்தது 1993இல். அவருடைய அம்மா 1978லேயே இறந்துவிட்டார்.

உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அம்மாவின் உடல்நிலை ஒரு வேகத்தில் மாறும், ஆராய்ச்சி வேறொரு வேகத்தில் நடக்கும். இரண்டையும் மனதில் ஒரே கணக்கில் வைத்துக்கொள்பவர்கள்தான் இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்துபோகிறார்கள். "அம்மா இருக்கும்போதே ஏதாவது கண்டுபிடித்துவிட வேண்டும்" என்று போனால், சரியாக வராத ஒவ்வொரு சோதனையும் அம்மாவுக்குச் செய்த துரோகமாகத் தெரியும். போஸ்ட்டாக் வாழ்க்கையில் சரியாக வராத சோதனைகளே அதிகம். "இந்த நோயில் ஒரு கேள்விக்கு என்னால் ஒழுங்காகப் பதில் தேட முடியும்" என்று போனால் தாங்கலாம். அம்மா மேல் இருக்கும் அன்பு உங்களை அந்த வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறது. உள்ளே போன பிறகு, அந்தக் கேள்வியும் உங்களைப் பிடித்து நிறுத்தும் அளவுக்கு இருக்க வேண்டும்.

இன்று உங்கள் அம்மாவுக்கு உதவுவது பெரும்பாலும் லெவோடோபாவாகத்தான் இருக்கும். 1960களில் வந்த மருந்து அது. இன்னும் அதுதான் முதல் மருந்து. மாத்திரையை நேரம் தவறாமல் கொடுப்பது, உடற்பயிற்சி, விழாமல் பார்த்துக்கொள்வது, மலச்சிக்கலையும் தூக்கத்தையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது, இவைதான் அவருடைய இந்த வருடத்தை நல்லபடியாக வைத்திருக்கும். உங்கள் ஆய்வகத்தில் நடப்பது எதுவும் இந்த வேலைகளுக்கு ஈடாகாது. ஆனால் நீங்கள் வேலையில் சேர்ந்த மறுநாளே வீட்டில் உங்களைப் பார்க்கின்சன் டாக்டராக ஆக்கிவிடுவார்கள். நாளிதழில் வரும் ஒவ்வொரு 'புதிய மருந்து' செய்தியும் உங்கள் கைபேசிக்கு வரும். அப்போது, "இதை அம்மாவின் நரம்பியல் மருத்துவரிடம் கேட்போம்" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லப் பழகுங்கள். எலியில் வேலை செய்த எந்தப் பொருளையும் அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். அம்மாவின் ரத்தத்தையோ உங்கள் ரத்தத்தையோ ஆய்வகத்தில் எடுத்து மரபணுவைப் பார்க்கவே கூடாது. அது நெறிமுறைக் குழுவின் அனுமதி சம்பந்தப்பட்ட விஷயம். அதோடு, தெரிந்துகொண்டதைத் திரும்பத் தெரியாததாக ஆக்க முடியாது. தெரிந்தே ஆக வேண்டுமென்றால் மரபியல் ஆலோசகர் மூலமாக, குடும்பத்தோடு பேசிய பிறகு செய்யுங்கள்.

சரி, நரம்பியல் பின்னணி இல்லாத விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நான் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளாத இடம் இதுதான். ஈஸ்ட்டில் ஆட்டோஃபேஜி படித்த ஒருவர் பார்க்கின்சன் ஆய்வுக்கு வெளியாள் கிடையாது. 2003இல் அமெரிக்க உயிரியலாளர் சூசன் லிண்ட்குவிஸ்ட்டின் ஆய்வகம் மனித ஆல்ஃபா-சினூக்ளீனை ஈஸ்ட்டுக்குள் வைத்துப் பார்த்தது. அளவு கூடியதும் அது செல்லுக்கு நஞ்சானது. மூளையே இல்லாத ஓர் உயிரியில் கிடைத்த அந்தத் துப்பு, புரதங்களை இடம் மாற்றும் போக்குவரத்து எங்கே அடைபடுகிறது என்ற கேள்விக்கு இட்டுச்சென்றது. இளம் வயதிலேயே பார்க்கின்சனை வரவழைக்கும் பிங்க்1, பார்க்கின் என்ற இரண்டு மரபணுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லுக்கு எரிசக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் பழுதானவற்றுக்கு அடையாளமிட்டு ஆட்டோஃபேஜிக்கு அனுப்புவது அவற்றின் வேலை. அதிகம் காணப்படும் மரபுவழி ஆபத்துக் காரணிகளில் ஒன்றான ஜிபிஏ1, செல்லின் குப்பையைச் செரிக்கும் லைசோசோம் என்ற பையில் இருக்கும் ஒரு நொதிக்கான மரபணு. செல் தன் குப்பையை எப்படி அகற்றுகிறது என்பதைத்தானே இத்தனை வருடம் படித்தீர்கள்? இந்த நோயின் நடுவில் இருப்பதும் அந்தக் கேள்விதான்.

உங்களிடம் இல்லாதது வேறு ஒன்று. மூளையை ஓர் உறுப்பாக, இடம் இடமாகப் பார்க்கும் கண். இந்த நோய்களில் எல்லா நியூரானும் சாவதில்லை. ஏறக்குறைய 8,600 கோடி நியூரான்கள் இருக்கும் மூளையில், பார்க்கின்சன் முதலில் நடுமூளையில் உள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ரா போன்ற சில இடங்களைத்தான் கடுமையாகத் தாக்குகிறது. ஏஎல்எஸ் என்ற இன்னொரு நரம்புச் சிதைவு நோய் தசைகளை இயக்கும் நியூரான்களை எடுத்துக்கொள்கிறது, ஆனால் கண்ணை அசைக்கும் நியூரான்களைப் பெரும்பாலும் கடைசிவரை விட்டுவைக்கிறது. ஆல்ஃபா-சினூக்ளீன் மூளை முழுக்க இருக்கும்போது ஏன் இந்த நியூரான் மட்டும்? சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் ஒரே ஒரு நியூரான் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாங்குவதாகக் கணிப்புகள் உண்டு. அவ்வளவு பெரிய கிளைப்பரப்புக்கு எரிசக்தி கொடுப்பதே அதன் பலவீனமாக இருக்கலாம். இந்தத் 'ஏன் இது மட்டும்' என்ற கேள்வி செல்லை மட்டும் பார்ப்பவருக்குத் தோன்றாது. மூளையை மட்டும் பார்ப்பவரால் அதைச் சோதித்துப் பார்க்க முடியாது. இரண்டும் தெரிந்த ஆள் குறைவு. நீங்கள் அப்படி ஆகலாம்.

அந்தக் கண்ணைப் புத்தகத்தில் வாங்க முடியாது. சேரும் இடத்துக்கு அருகில் மூளை வங்கியோ நரம்பு நோயியல் துறையோ இருந்தால், தானம் செய்யப்பட்ட மூளையை வெட்டிப் பரிசோதிக்கும் நாளில் பக்கத்தில் நிற்க அனுமதி கேளுங்கள். ஆரோக்கியமான நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா கருப்புப் பட்டையாகத் தெரியும். பார்க்கின்சன் உள்ளவரின் மூளையில் அது வெளுத்திருக்கும். மைக்ரோஸ்கோப் வேண்டாம், வெறும் கண்ணுக்கே தெரியும். எலியின் மூளையில் அந்தக் கருநிறத்தைப் பார்க்க முடியாது. இந்த ஒரு வித்தியாசத்தை நேரில் பார்த்தவர் எலியை வைத்து எழுதப்படும் முடிவுகளைக் கொஞ்சம் நிதானமாகத்தான் படிப்பார். உங்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: சேர்ந்த முதல் மாதமே போகாதீர்கள். முதல் தடவை கூட வர ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். திசு மாதிரியின் சீட்டில் பெயர் இருக்காது. வயது, ஆணா பெண்ணா, எத்தனை வருட நோய், இவ்வளவுதான் இருக்கும். அம்மா வயதில் ஒரு சீட்டு வரும். அன்றைக்கு வேலையைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போய் வருவதில் தவறே இல்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தச் சீட்டுகளை நான் வேகமாகப் புரட்டுவதில்லை.

இனி ஆய்வகத் தேர்வு. பெயர், கட்டுரைகள் வெளிவரும் இதழ்கள் என்று பட்டியல் போட்டு ஒப்பிட்டிருக்கிறீர்கள். நான் முதலில் பார்ப்பது காலத்தை. வயதானால் வரும் நோய்கள் இவை. அதனால் சோதனைகளும் வயதாவதற்காகக் காத்திருக்கின்றன. அல்சைமர் எலிகளில் சில வகைகளுக்கு இரண்டு மாதத்திலேயே மூளையில் அமிலாய்ட் என்ற புரதம் படியத் தொடங்கும். வேறு சில வகைகளை ஒரு வருடமோ அதற்கு மேலோ வளர்க்க வேண்டும். உங்கள் ஒப்பந்தம் இரண்டோ மூன்றோ வருடம்தான் இருக்கும். எலிகளை இனப்பெருக்கம் செய்வதிலிருந்து நீங்களே தொடங்க வேண்டும் என்றால், முதல் முடிவு கைக்கு வரும்போது ஒப்பந்தத்தின் பாதி போயிருக்கும். அதனால் பெரிய ஆய்வகத்திடம் நேராகக் கேளுங்கள்: எனக்கான எலிகள் இப்போது கூண்டில் இருக்கின்றனவா, அவற்றின் வயது என்ன?

எலியிடம் இன்னொரு விஷயமும் உண்டு. எலிக்கு இயல்பாக அல்சைமர் வருவதில்லை. மனித மரபணுப் பிறழ்வுகளை நாம்தான் வைக்கிறோம். அதிகம் பயன்படும் ஒரு வகையில் ஐந்து பிறழ்வுகள் ஒன்றாக இருக்கின்றன. அப்படி ஒரு நோயாளி கிடையாது. இந்த எலிகளைக் 'குணப்படுத்திய' மருந்துகள் வரிசையாக மனிதர்களிடம் தோற்றிருக்கின்றன. அமிலாய்ட் படிவதே அல்சைமருக்குக் காரணம் என்ற கருதுகோள் 1992இல் தெளிவாக எழுதப்பட்டது. அதிலிருந்து பிறந்து 2023இல் முழு அனுமதி பெற்ற லெக்கனமேப் மருந்து, ஆரம்பக் கட்ட நோயாளிகளில் 18 மாதத்தில் சரிவை 27 சதவீதம் மெதுவாக்கியது. மூளையில் வீக்கம், கசிவு போன்ற பக்கவிளைவுகளோடு. மூன்று பத்தாண்டு உழைப்பில் வந்த உண்மையான பலன் அது. அதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனம் வராது, பெரிதாக ஊதவும் மாட்டேன்.

சின்ன ஆய்வகத்தின் ஸ்டெம் செல் வழியும் சுலபம் என்று நினைக்க வேண்டாம். நோயாளியின் தோலையோ ரத்தத்தையோ எடுத்து, வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக்கி, அதிலிருந்து டோபமைன் நியூரான் வளர்க்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். முதிர இன்னும் சில வாரங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை செல் வளரும் திரவத்தை (மீடியா) மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. ஒரே முறையில் செய்தாலும் ஒரு தடவை வளர்ந்ததுபோல் அடுத்த தடவை வளராது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஸ்டெம் செல்லாக மாற்றும்போது அந்தச் செல் தன் வயதின் தடயங்களில் பெரும்பாலானவற்றை இழந்துவிடுகிறது. எழுபது வயதுக்காரரிடமிருந்து எடுத்தாலும் கையில் இருப்பது கருவில் உள்ள நியூரானைப் போன்றதுதான். ஆனால் இங்கே ஒரு சோதனை பலிக்கவில்லை என்றால் சில மாதத்தில் தெரிந்துவிடும். முதல் போஸ்ட்டாக்குக்கு அது பெரிய விஷயம். பிறழ்வை மட்டும் திருத்தி, மற்றபடி அதே மரபணுத்தொகுப்போடு ஒப்பீட்டுச் செல்கள் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் யோசிக்க வேண்டும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சின்ன ஆய்வகம். உங்கள் ஆட்டோஃபேஜி அறிவு அங்கே முதல் நாளிலிருந்தே பயன்படும், அது அங்கே வேறு யாரிடமும் இருக்க வாய்ப்பில்லை. பெரிய ஆய்வகத்தில் வரிசையில் ஒருவராக இருப்பீர்கள். ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனை. குறைந்தது மூன்று வருடத்துக்கு உங்கள் சம்பளத்துக்கும் செல் வளர்ப்புச் செலவுக்கும் ஆய்வு நிதி (கிராண்ட்) கையில் இருக்க வேண்டும். நியூரான் வளர்ப்பு மீடியாவும் வளர்ச்சிக் காரணிகளும் விலை அதிகம், பணம் தீர்ந்தால் வேலை அப்படியே நின்றுவிடும். அப்புறம், நீங்கள் கிளம்பும்போது ஆய்வின் எந்தப் பகுதியை உங்களோடு எடுத்துப் போகலாம் என்று தலைவர் இப்போதே எழுத்தில் சொல்ல வேண்டும். புதிதாக ஆய்வகம் தொடங்கியவர்கள் தங்கள் சொந்த இடத்துக்காகவே போராடிக்கொண்டிருப்பார்கள். நல்லவர்களாகவே இருந்தாலும், பிரியும் நேரத்தில் இந்தப் பேச்சு கசப்பாகிவிடும். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் பெரிய ஆய்வகத்துக்கே போங்கள். அங்கே உங்களுக்கு வழிகாட்டப் போகும் மூத்தவர் யார் என்று பெயர் சொல்லச் சொல்லுங்கள்.

எங்கே போனாலும் அங்கே முன்பு இருந்த போஸ்ட்டாக்குகள் இரண்டு மூன்று பேரிடமாவது பேசுங்கள். இப்போது இருப்பவர்கள் மனம் திறந்து பேச மாட்டார்கள், அவர்கள் நிலை அப்படி. "நன்றாக இருந்ததா?" என்று கேட்டால் நன்றாக இருந்தது என்பார்கள். "தலைவர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக உங்கள் முடிவு வந்தபோது என்ன நடந்தது?" என்று கேளுங்கள். ஓர் ஆய்வகத்தைப் பற்றி இதைவிட அதிகம் சொல்லும் கேள்வி எனக்குத் தெரியாது. அமிலாய்டின் ஒரு குறிப்பிட்ட வடிவம் நினைவாற்றலைக் கெடுக்கிறது என்று 2006இல் நேச்சர் இதழில் வந்து, மிகப் பரவலாக மேற்கோள் காட்டப்பட்ட ஒரு கட்டுரை, படங்கள் திருத்தப்பட்டிருந்ததால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. அந்த 18 வருடத்தில் அதை நம்பி எத்தனை இளம் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் வேலையைக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. திசு மாதிரிகளில் எது நோயுள்ளது, எது சாதாரணமானது என்று எண்ணுபவருக்குத் தெரியாமல் எண்ணுகிறார்களா, மூலப் படங்களை எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்கிறார்களா என்று நேர்காணலிலேயே கேளுங்கள். தப்பாக நினைத்துக்கொள்ளும் இடமாக இருந்தால், அதுவும் இப்போதே தெரிந்துவிடுவது நல்லது.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆல்ஃபா-சினூக்ளீன் இழைகளை ஒலியலையால் நறுக்கும்போது நுண்துளிகள் பறக்கும். அவற்றால் ஆய்வகத்தில் யாருக்கும் நோய் வந்ததாகப் பதிவில்லை. ஆனால் பிரையான் (தவறாக மடிந்து, மற்றவற்றையும் அப்படியே மாற்றி மூளை நோயை உண்டாக்கும் புரதம்) ஆய்வில், பாதிக்கப்பட்ட எலி மூளை மாதிரியைக் கையாண்டபோது 2010இல் கையில் காயம்பட்ட ஒரு பிரெஞ்சு ஆய்வகப் பணியாளர் 2019இல் அந்த நோயால் இறந்தார். 2021இல் பிரான்ஸின் அரசு ஆய்வு நிறுவனங்கள் பிரையான் ஆய்வையே சில காலம் நிறுத்தி வைத்தன. அதனால் மூடிய அறையமைப்பு, தனி உபகரணம், இழைகளைக் கரைக்கும் டிட்டர்ஜென்ட் கொண்டு துடைக்கும் பழக்கம் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். ஆல்கஹால் தெளித்துத் துடைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஃபெலோஷிப் விஷயத்தில் உங்கள் காலக் கணக்கு பிஎச்.டி. பட்டம் பெற்ற நாளிலிருந்தோ போஸ்ட்டாக் தொடங்கிய நாளிலிருந்தோ ஓடத் தொடங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப்புக்குப் பட்டம் பெற்று 8 ஆண்டு என்ற வரம்பு உண்டு. அமெரிக்காவின் கே99 என்ற நிதியுதவி வழக்கமாகப் போஸ்ட்டாக் தொடங்கி 4 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டியது. சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், சேரும் முன்பே ஆய்வகத் தலைவரோடு உட்கார்ந்து ஒரு விண்ணப்பத்தை எழுதுங்கள். உங்கள் பெயரில் வரும் பணம் உங்களுக்குப் பேசும் உரிமையைத் தரும். போஸ்ட்டாக் செய்பவர்களில் பெரும்பாலானோர் சொந்த ஆய்வகம் தொடங்குவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. அல்சைமருக்கான ஒரு ரத்தப் பரிசோதனை 2025இல் அமெரிக்காவில் முதல்முறையாக அனுமதி பெற்றது. அந்த மாதிரி வேலைகளுக்கும், மருந்துச் சோதனைகளை வடிவமைப்பதற்கும் உங்களைப் போன்று செல்லும் நோயும் தெரிந்த ஆட்கள் வேண்டும்.

இன்னும் ஒன்று, அம்மாவைப் பார்க்கப் போகும் நாட்கள். இதைக் கேட்க நீங்கள் கூச்சப்படுவீர்கள் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தோன்றியது. வேலையை ஏற்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "அம்மாவுக்குப் பார்க்கின்சன், வருடத்தில் சில தடவை நான் போக வேண்டியிருக்கும், அவசரமாகவும் போக நேரலாம்." செல்களைப் பார்த்துக்கொள்ள இன்னொருவருக்குப் பழக்கி வைக்கலாமா, நியூரானாக மாறத் தொடங்கிய செல்களை இடையில் எந்தக் கட்டத்தில் உறையவைக்கலாம் என்று அப்போதே பேசி முடிவு செய்யுங்கள். இதற்கு முகம் சுளிக்கும் தலைவரிடம், கிராண்ட் எவ்வளவு இருந்தாலும் சேர வேண்டாம்.

மூன்று வாரம் போதும். இந்த வாரமே சின்ன ஆய்வகத்தின் தலைவருக்கு எழுதி ஒரு மணி நேரம் பேச நேரம் கேளுங்கள். பணம், கிளம்பும்போது எடுத்துப் போகும் பகுதி, அம்மா, இந்த மூன்றையும் அந்தப் பேச்சிலேயே முடித்துவிடுங்கள். அவருடைய முன்னாள் மாணவர்களிடம் அடுத்த வாரம் பேசலாம். பெரிய ஆய்வகத்துக்கு அதுவரை மறுப்பு எழுத வேண்டாம். இன்ன தேதிக்குள் சொல்கிறேன் என்று ஒரு வரி மரியாதையாக எழுதி வையுங்கள், காத்திருப்பார்கள்.